கூட்டு மின்னிசைக்குத் திணை வகுத்தல்

ஓர் ஊரில் ஒருவரும் வேறோர் ஊரில் அவர் நண்பரும் இருந்துகொண்டு, கம்ப்யூட்டரில் ஒரே டிராக்கைச் செய்யும் ஒழுக்கத்துக்கு இதுவரை இலக்கணம் கண்டாரில்லை. காதலுக்கு ஐந்திணை வகுத்த மொழியில் இக்குறை நீடிப்பது அழகன்று.

இவ்வொழுக்கத்தைக் கூடலுக்குரிய குறிஞ்சியில் அடக்குவாரும் உளர். நேரலையில் சேர்ந்தே வாசிக்கலாமே என்பது அவர் வாதம். அது பொருந்தாது. கண்ணாடி இழையில் ஒளி 1,000 கிலோமீட்டர் செல்ல ஏறத்தாழ 5 மில்லி விநாடி ஆகும். சென்னைக்கும் டொராண்டோவுக்கும் இடையே 13,000 கிலோமீட்டருக்கு மேல். வழியில் எங்கும் நிற்காமல் ஓடினாலும் ஒருவழிக்கே 65 மில்லி விநாடி. 30-ஐத் தாண்டினாலே தாளம் இழுபடத் தொடங்கிவிடும். பொழுதும் ஒத்துவராது. கோடையில் சென்னையில் இரவு 10 மணி என்றால் டொராண்டோவில் பகல் 12.30. ஒருவர் குறிஞ்சிக்குரிய யாமத்தில் ஹெட்போனோடு விழித்திருக்க, மற்றவர் பாலைக்குரிய நண்பகலில், அதுவும் பாலைக்கே உரிய வேனிலில், சாண்ட்விச் தின்றுகொண்டிருப்பார். ஆகவே இது பிரிவுக்குரிய பாலையே என்க.

இதற்கு முன்னோர் ஆட்சியும் உண்டு. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து ஜிம்மி டாம்பொரெல்லோ பீட்டை டேப்பில் பதிந்து தபாலில் அனுப்புவார். சியாட்டிலில் பென் கிப்பர்ட் குரல் சேர்த்துத் திருப்பி அனுப்புவார். 2003-இல் வந்த 'கிவ் அப்' ஆல்பம் இப்படி உருவானதே. நன்றி மறவாமல் குழுவுக்கு 'தி போஸ்டல் சர்வீஸ்' என்று பெயரிட்டார்கள். அமெரிக்கத் தபால் துறையோ, பெயர் எங்களுடையது என்று நோட்டீஸ் விட்டது. தூது போன வாயிலே நோட்டீஸ் விடுவது அக இலக்கியம் காணாத துறை. பிறகு சமரசம் ஆனது: பெயரை வைத்துக்கொள்ளலாம், பதிலுக்குத் துறையின் மாநாட்டில் வந்து பாட வேண்டும்.

முல்லை எளிது, காத்திருத்தல். 44.1 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் ஸ்டீரியோ வேவ் நிமிடத்துக்கு ஏறத்தாழ 16 எம்பி. 4 நிமிடப் பாட்டுக்கு 20 டிராக் என்றால் 1.2 ஜிபிக்கு மேல். அப்லோட் முடியும்வரை அதே வைஃபையில் சினிமா பார்க்காதிருத்தலே இத்திணைக்குரிய கற்பு.

மருதத்தின் ஊடல் பெரும்பாலும் கிக் டிரம்மில் பிறக்கும்.

"கிக்கைத் தொட்டியாடா?"

"இல்ல மச்சான், ரெண்டே டிபி ஏத்தினேன்."

"அப்ப பேஸ் எங்க?"

கிக் விழும்போதெல்லாம் பேஸ் பதுங்கும்படி சைட்செயின் போட்டுவைத்திருந்தால், கிக்கை ஏற்றிய கணமே பேஸ் இன்னும் ஆழப் பதுங்கும். தொட்டது ஒன்று, கெட்டது இரண்டு. ஆயினும் இவ்வூடல் தீரும். நண்பர் வேறொருவருக்கும் பீட் போட்டுத் தருவதை இன்ஸ்டாகிராமில் பார்க்க நேர்ந்தால் வருவதே உண்மையான பரத்தையிற் பிரிவு. அதைத் தீர்க்கும் வாயில் இல்லை.

நெய்தலுக்கு இரங்கல். ஏபிள்டன் லைவ் புராஜெக்ட் ஃபைலில் ஒலி இருப்பதில்லை. ஒலி எந்த ஃபோல்டரில் கிடக்கிறது என்ற குறிப்பே இருக்கும். 'கலெக்ட் ஆல் அண்ட் சேவ்' அழுத்தாமல் அனுப்பியதைத் திறந்தால், ஃபைல்களைக் காணோம் என்ற அறிவிப்பும் ஊமை டிராக்குகளும்தான். ஒருவர் மட்டும் இரவெல்லாம் உழைக்க மற்றவர் கட்டைவிரல் இமோஜி அனுப்புவது கைக்கிளை. புது வெர்ஷனில் சேவ் செய்ததைப் பழைய வெர்ஷன் வைத்திருப்பவருக்கு அனுப்புவது பெருந்திணை, திறக்கவே திறக்காது.

அஃதேல் இவ்விரு திணைக்கும் மருந்து யாது எனின், கைக்கிளைக்கு இல்லை. மற்றதற்கு உண்டு: டிராக்குகளை முதல் பாரிலிருந்தே வேவாக எக்ஸ்போர்ட் செய்து அனுப்புக, எந்த மென்பொருளிலும் வரிசை பிசகாமல் உட்காரும். ஃபோல்டர் பெயரில் பிபிஎம்மையும் எழுதிவிடுங்கள், ஐயா. யாமத்தில் ஒருவரை எழுப்பிக் கேட்கவைக்காதீர்கள்.