நிவர்த்தி

'தங்கள் குறை நிவர்த்தி செய்யப்பட்டது' என்று கடிதம் வந்தால், பச்சைப் பொய் என்று கத்தாதீர்கள். நிவர்த்தி வடமொழியிலிருந்து வந்த சொல். திரும்பிப் போதல், ஒதுங்குதல், செயலை விட்டுவிடுதல் என்பதுதான் அதன் வேர்ப்பொருள். எதிர்ச்சொல் பிரவிருத்தி. அதாவது, வேலை செய்வது.

திருச்சுழிக்காரர்களுக்கு இந்தச் சொல் பழக்கம்தான். 1879இல் அங்கே பிறந்த வேங்கடராமன் என்ற பையன், 16 வயதில் எல்லாவற்றையும் உதறிவிட்டுத் திருவண்ணாமலைக்குப் போய் ரமணரானார். அசல் நிவர்த்தி அது. அவர் அதற்குச் சம்பளமும் பஞ்சப்படியும் வாங்கவில்லை. பிரளய வெள்ளத்தைச் சிவன் சூலத்தால் குத்திப் பூமிக்குள் இறக்கினார், வெள்ளம் சுழித்து இறங்கிய இடம் சுழியல் என்பது ஊர்ப்புராணம். அன்றைக்கு நிவர்த்தியான தண்ணீர்தான் போலிருக்கிறது. ஊரை ஒட்டிய குண்டாற்றில் பாதி வருஷம் மணல்தான் ஓடுகிறது.

இந்தப் பக்கத்துச் சம்சாரி ஒருவர் மனு எழுதுகிறார் என்று வையுங்கள். மடை தூர்ந்துவிட்டது, கண்மாய் முழுக்கச் சீமைக்கருவேலம், மிச்சத்தை ஒருத்தர் வளைத்துக்கொண்டார். திங்கட்கிழமைக் கூலியை விட்டுவிட்டு, அருப்புக்கோட்டையில் பஸ் மாறி, கலெக்டர் ஆபீஸ் வரிசையில் நிற்கிறார். மனு ஆர்.டி.ஓ., தாசில்தார், ஆர்.ஐ. என்று படிப்படியாக இறங்கி, யார் கண்டுகொள்ளவில்லை என்று எழுதினாரோ அவர் மேஜையிலேயே வந்து விழுகிறது. திரும்பிப் போதல் ஆயிற்றா? அந்த அதிகாரி ஒதுங்குகிறார். செயலை விடுகிறார். மூன்று பொருளும் நிறைவேறியபின் சம்சாரியின் செல்போனுக்கு 'நிவர்த்தி செய்யப்பட்டது' என்று செய்தி வருகிறது. இலக்கணப் பிழை ஒன்றுகூடக் கிடையாது.

2017 அக்டோபர் 23ஆம் தேதியும் ஒரு திங்கட்கிழமை. கந்துவட்டிக் கொடுமை என்று திரும்பத் திரும்ப மனுக் கொடுத்துச் சலித்த கூலிக்குடும்பம் ஒன்று நெல்லை கலெக்டர் ஆபீஸில் தீக்குளித்தது. புருஷன், பெண்டாட்டி, இரண்டு பச்சைப் பெண் குழந்தைகள். நாலு பேரும் செத்துப்போனார்கள்.

அதற்குப் பிறகு ஒரே ஒரு குறையை மட்டும் சுறுசுறுப்பாகச் சரிசெய்தார்கள். மனுவோடு வருகிறவன் மண்ணெண்ணெயோடு வரக்கூடாது. வாசலில் போலீஸ் பையைக் குடைகிறது.

"பெருசு, பாட்டிலைத் திற."

திறக்கிறார். மோந்து பார்க்கிறார்கள். குடத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து வாங்கியதில் ஊற்றிக்கொண்டு வந்த தண்ணீர்.

"சரி, உள்ள போ."