கையுறை பத்திரமாக இருக்கிறது

வெருகல் சித்திரவேலாயுத சுவாமி கோயில் திருவிழா முடிந்த மறுநாள் ஈச்சிலம்பற்றுப் பக்கம் சோற்றுப் பார்சல், ஷொப்பிங் பை, உடைந்த சோடாப் போத்தல் என்று கிடப்பதை யாரோ அள்ளத்தான் வேண்டும். அள்ளுகிற கைக்குச் சட்டம் என்ன சொல்கிறது? வெள்ளைக்காரன் விட்டுப்போன 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. இயந்திரத்தில் விரல் மாட்டினால் விதி உண்டு. வடிகான் தொழிற்சாலை இல்லையே! 2009இல் தொழில் பாதுகாப்புக்கென்றே தேசிய நிறுவகம் ஒன்றைச் சட்டம்போட்டு அமைத்தோம். அதன் பிறகும் 2017 சித்திரைப் புத்தாண்டன்று மீதொட்டமுல்லையில் குப்பை மலையே சரிந்து ஆட்களை விழுங்கியது.

உள்ளூராட்சி மன்றங்கள் கையுறை வாங்காமல் இல்லை. வாங்கினதுதான் வில்லங்கம். வாங்கினால் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். ஏற்றினால் கணக்காய்வுக்குக் காட்ட வேண்டும். காட்டுவதென்றால் கிழியக் கூடாது. கிழியாமல் இருக்க யாரும் போடக் கூடாது. ஆகவே அலுமாரிக்குள் அவை நல்ல சுகத்தோடு இருக்கின்றன. எந்தச் சபை என்று கேட்காதீர்கள், கோபம் வரும்.

"ஐயா, போத்தல் ஓடு குத்திட்டு."

"பழைய கையுறையத் தந்தாத்தானே புதுசு தரலாம்?"

"பழசே தரல்லியே ஐயா."

"அப்ப அதையும் சேர்த்து ஒரு விண்ணப்பம் எழுதித் தாங்க."

எந்தக் கையால் எழுதுவது என்று அந்தப் படிவத்தில் இல்லை. ஏற்பூசி போட்டு வந்தபிறகு அந்தத் தொழிலாளி இடக்கையால் கையொப்பம் வைத்தார். மாதிரிக் கையொப்பத்தோடு ஒத்துப்போகவில்லை என்று விண்ணப்பம் திரும்பி வந்தது.