பொ.செ. 6

மேற்குத் தாம்பரத்தில் ஒரு வாடகை நூல்நிலையம் இருந்தது. எல்லாப் புத்தகத்துக்கும் ஒரே சாக்லெட் நிறக் காலிகோ அட்டை. முதுகில் வெள்ளைப் பெயிண்டில் கடைக்காரரே பெயர் எழுதியிருப்பார். இடமும் பெயிண்டும் மிச்சமாகட்டும் என்று எல்லாம் சுருக்கம்: சி.ச., பா.க., பொ.செ. 1, பொ.செ. 2 என்று போகும். பொ.செ. வரிசை ஐந்தோடு நிற்கவில்லை. ஆறு என்று ஒன்று இருந்தது.

பொன்னியின் செல்வனில் கல்கி எழுதியது ஐந்தே பாகம். 1950 அக்டோபரில் தம் பத்திரிகையில் ஆரம்பித்து 1954இல் முடித்தார். அந்த வருஷ டிசம்பர் 5ஆம் தேதி காலமாகிவிட்டார். இதைக் கடைக்காரரிடம் சொன்னேன்.

“அதான் ஆறுன்னு எழுதியிருக்கேன் இல்ல? வேணும்னா எடு. வேணாம்னா வழியை விடு, பின்னால ஆள் நிக்கறாங்க.”

எடுத்தேன். பிரித்தால் விக்கிரமனின் ‘நந்திபுரத்து நாயகி’. நந்திபுரம் என்பது பழையாறை, நாயகி குந்தவை. பொன்னியின் செல்வன் முடிந்த இடத்திலிருந்து விக்கிரமன் தாம் ஆசிரியராக இருந்த ‘அமுதசுரபி’யில் தொடராக எழுதிய கதை. தனியாகப் படித்திருந்தால் மரியாதையாகப் படித்திருப்பேன். ‘பொ.செ. 6’ என்று முதுகில் எழுதிவிட்டார்களே! அதற்கப்புறம் விக்கிரமன் என்ன எழுதினால்தான் என்ன? பக்கத்துக்குப் பக்கம் ஆழ்வார்க்கடியானின் தடியைத் தேடிக்கொண்டே போனேன். தப்பு பெயிண்டுடையது.

முதல் ஐந்து பாகத்தையும் மின்சார ரயிலில்தான் படித்தேன். கிண்டியில் இறங்க வேண்டியவன் தலை நிமிர்ந்தபோதெல்லாம் மாம்பலம் வந்திருக்கும். ஆறில் அந்தத் தொந்தரவே இல்லை. குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம் என்று ஒரு ஸ்டேஷன் விடாமல் பார்த்துக்கொண்டு, கிண்டியில் எல்லாருக்கும் முன்னால் இறங்கினேன். ஆபீசில் ஆச்சரியப்பட்டார்கள்.

எங்கள் சேலையூர்க் குடியிருப்பின் கீழ்வீட்டு டீச்சர் ஒரு படி மேலே போவார். ஓய்வு பெற்ற தமிழாசிரியை. அவர் கணக்கில் கல்கியின் ஐந்தாம் பாகமே ஏமாற்றம்தான். “தியாகச் சிகரம்னு பேரு, தியாகம் பண்றது நாமதான் தம்பி” என்பார். அவர் சொல்வதிலும் கணக்கு இருக்கிறது. மூன்றாம் பாகமும் நான்காம் பாகமும் சேர்ந்து 92 அத்தியாயம். ஐந்தாம் பாகம் மட்டும் 91. ஆதித்த கரிகாலன் கொலை அதில் பாதி தாண்டுவதற்குள் முடிந்துவிடுகிறது. மிச்சத்துக்குப் பாதாளச் சிறை, பைத்தியக்காரன், மகுடம் யாருக்கு என்ற இழுபறி. கடைசியில் பாவம், கடம்பூர்ப் பெண் மணிமேகலையின் சாவு.

“கொன்னவன் யாருன்னு சொல்லாம ஒரு கதையா?”

“உடையார்குடிக் கல்வெட்டில இருக்கு டீச்சர். சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன்…”

“கல்வெட்டு கிடக்கட்டும். கல்கி சொன்னாரா?”

சொல்லவில்லை. வாசகர்கள் விடுவார்களா? அதனால் கதை முடிந்தபின் ஒரு முடிவுரை எழுதி, யார் யார் அப்புறம் என்ன ஆனார்கள் என்று கணக்கு ஒப்படைத்தார்.

ஐந்தாம் பாகத்தில் டீச்சர் குறை சொல்லாத இடம் ஒன்று உண்டு. வெள்ளத்தில் வானதி கூரைமேல் மிதந்து போவாளே, அது. 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் அடையாறு புகுந்து, மொட்டைமாடியிலிருந்து ஜனங்களைப் படகில் இறக்கியதிலிருந்து அந்த அத்தியாயத்தில் கல்கி கொஞ்சம்கூட மிகைப்படுத்தவில்லை என்று சாதிக்கிறார். டீச்சரின் தங்கை வீடு முடிச்சூரில்.

ஆறாம் பாகம் எழுதப் போகிறவருக்கு உண்மையான எதிரி கல்கி அல்ல, உத்தம சோழன். கல்கி மகுடத்தை அவன் தலையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அவன் ஏறக்குறைய 15 வருஷம், 985 வரைக்கும் ஆண்டான். பள்ளிக்கூடப் புத்தகம் அதை இரண்டே வரியில் தாண்டிவிடும். அந்த 15 வருஷமும் அருள்மொழிக்கு வேலை என்ன? காத்திருப்பது. கதாநாயகன் செங்கல்பட்டு வண்டிக்கு நிற்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தால் கதாசிரியர் என்ன செய்வார்?

விக்கிரமனுக்குப் பிறகும் பலர் எழுதிப் பார்த்தார்கள். இந்தத் தொடர்ச்சிகள் பலவற்றில் எனக்கு ஒரு சந்தேகம். அதில் வருகிறவர்களுக்குத் தாங்கள் சரித்திரத்தில் இருப்பது தெரிந்துவிட்டது. கல்கியின் வந்தியத்தேவன் பொய் சொல்லி, மாட்டிக்கொண்டு, சுவர் ஏறிக் குதித்து, மறுபடி மாட்டிக்கொள்வான். பெரிய கோவில் கட்டப்போகிறார்கள் என்று அவனுக்குத் தெரியாது. தொடர்ச்சிகளில் எல்லாருக்கும் தெரியும். அதனால் நிதானமாக நடக்கிறார்கள், கல்வெட்டுத் தமிழில் பேசுகிறார்கள். வந்தியத்தேவனுக்குக் குதிரையே தேவைப்படுவதில்லை. (கல்கியின் வந்தியத்தேவன் காஞ்சியிலிருந்து கிளம்பித் தாம்பரம் பக்கம் வராதது நம் அதிர்ஷ்டம். பெருங்களத்தூரில் சிக்கியிருந்தால் ஆடிப்பெருக்கு முடிந்தபின்தான் வீராணம் ஏரிக்கரை சேர்ந்திருப்பான்.)

பிரெஞ்சுக்காரர் அலெக்சாந்தர் தூமாவுக்குக் காத்திருக்கிறவனை வைத்துக் கதை நடத்தும் சூட்சுமம் தெரிந்திருந்தது. ‘மூன்று துப்பாக்கி வீரர்கள்’ 1844இல் வந்தது. அடுத்த வருஷமே தொடர்ச்சியும் எழுதினார். கதைப்படி இருபது வருஷம் கழிந்திருக்கிறது, கதாநாயகன் தார்த்தஞ்ஞன் அதே லெப்டினன்ட் பதவியில் உட்கார்ந்திருக்கிறான்! பிரமோஷன் வராத மனுஷன் என்றால் படிக்கிறவனுக்கு உடனே பாசம் வந்துவிடும். எங்கள் ஆபீசில் பாதிப் பேர் தார்த்தஞ்ஞன்கள்தான்.

நம் ஊரில் அகிலன் வேறு வழி கண்டுபிடித்தார். காத்திருக்கும் காலத்தையே தாண்டி நேரே ராஜேந்திர சோழன் காலத்துக்குப் போய் ‘வேங்கையின் மைந்தன்’ எழுதினார். 1963இல் சாகித்திய அகாதெமி விருதும் வாங்கினார். அதில் வந்தியத்தேவர் தலை நரைத்த பெரியவராக வருவார். வயசானவரிடம் யாரும் சுவர் ஏறிக் குதிக்கச் சொல்வதில்லை. பிரச்சினை தீர்ந்தது.

ஆசைதான் தீரவில்லை. மணிரத்னம் 2022 செப்டம்பரில் ஒன்று, 2023 ஏப்ரலில் ஒன்று என இரண்டு படத்தில் ஐந்து பாகத்தையும் அடைத்துவிட்டார். டீச்சரின் பேரன் இரண்டாவதைப் பார்த்துவிட்டு வந்த ராத்திரியே “மூணாவது எப்போ?” என்று கேட்டான். நானும் டீச்சரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

மறுநாள் டீச்சர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். பேரனுக்காக ஆறாம் பாகத்தை நானே எழுதவேண்டுமாம். எழுதித் தருகிறேன் என்றேன். கதையெல்லாம் என் இஷ்டம், மணிமேகலை மட்டும் பிழைத்துக்கொள்ள வேண்டும், இது முதல் நிபந்தனை. பிழைத்தால் போதாது, கல்யாணமும் ஆகவேண்டும்.

“பார்த்திபேந்திரன் இருக்கானே டீச்சர்?”

“நந்தினி பின்னால திரிஞ்சவன். வேண்டாம்.”

“கந்தமாறன்கிட்ட சொல்லிப் பார்க்கலாமா?”

“அண்ணன்காரன் பார்த்த லட்சணம்தான் தெரியுமே. நீயே பாரு. பெரிய இடம் வேண்டாம், சண்டைக்குப் போகாத பையனா இருக்கணும். கடம்பூருக்குப் பக்கத்திலேயே அமைஞ்சா நல்லது, பொண்ணு போக வர சௌகரியம்.”