காலையில போட்டுடறேன் சார்!

வின்னர் சாரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பழைய நாணயமும் தபால்தலையும் ஏலம் விடுகிற வாட்ஸ்அப் குழு எதிலாவது நீங்கள் இருந்தால் அவரிடமிருந்து தப்பியிருக்க வழியில்லை. பெயர் வேறாக இருக்கும், ஊர் வேறாக இருக்கும். டிபியில் மட்டும் இரண்டில் ஒன்று நிச்சயம்: ராஜா தலை போட்ட வெள்ளி ரூபாய், இல்லாவிட்டால் பேரக்குழந்தை.

பகலெல்லாம் அவர் இருக்கிற இடம் தெரியாது. யாருக்காவது பிறந்தநாள் என்றால் ஒரு பூங்கொத்து, வெள்ளிக்கிழமை என்றால் ஒரு அம்மன் படம், அவ்வளவுதான். ராத்திரி ஒன்பது அடித்து ஏலம் தொடங்கியதும் ஆளே மாறிவிடுவார். அட்மின் படத்தைப் போட்டு, "ஆரம்ப விலை 100, ஏற்றம் 10, முடிவு 9.30, ஷிப்பிங் எக்ஸ்ட்ரா" என்று எழுதி முடிப்பதற்குள் "100" என்று ஒன்று வந்து விழும். அதுதான் அவர். பொருள் என்ன, தேய்ந்ததா, பளபளப்பா என்று பார்த்தாரா? அதெல்லாம் ஜெயித்த பிறகு. இன்னொருவர் 110 என்றால் இவர் 150 என்பார். பத்துப் பத்தாக ஏறுவது அவருடைய கௌரவத்துக்குச் சரிப்படாது.

கடைசி நொடியில் குதிப்பவர்களைத் தடுக்க, 'கடைசியாகக் கேட்டதிலிருந்து இரண்டு நிமிடம் காத்திருப்போம்' என்று குழுக்களில் ஒரு விதி உண்டு. வின்னர் சாருக்குப் பிடித்த விதி அது ஒன்றுதான். சாப்பாட்டு மேஜையில் தோசை ஆறிக்கொண்டிருக்கும், உள்ளேயிருந்து இரண்டு முறை குரல் வந்திருக்கும், மனிதர் அசைய மாட்டார். 2023இல் வாட்ஸ்அப் ஒரு வசதி கொடுத்தது: அனுப்பிய செய்தியைப் பதினைந்து நிமிடத்துக்குள் திருத்திக்கொள்ளலாம். மற்றவர்கள் எழுத்துப்பிழையைத் திருத்தினார்கள். வின்னர் சார் 550ஐ 450 ஆக்கினார். அதற்கப்புறம்தான் அட்மின்கள் 'எடிட் செய்த பிட் செல்லாது, டெலிட் செய்தால் குழுவிலிருந்து நீக்கம்' என்று விதியில் இன்னொரு வரி சேர்த்தார்கள்.

"வின்னர் சார், வாழ்த்துகள்!" என்று அட்மின் அறிவித்ததும் கைதட்டும் பொம்மைகள் வரிசையாக வரும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நன்றி சொல்வார். அவரைப் பொறுத்தவரை ஏலம் இங்கே முடிந்துவிட்டது. விற்றவருக்கு இனிமேல்தான் ஆரம்பம்.

"காலையில போட்டுடறேன் சார்."

எந்தக் காலை என்று அவர் சொல்வதில்லை. 2016இல் யுபிஐ வந்து அவருக்குச் செய்த துரோகம் கொஞ்சமில்லை. அதற்கு முன்னால் என்ன அருமையான காரணங்கள் இருந்தன! வங்கியில் கூட்டம், செக் புத்தகம் தீர்ந்துபோச்சு, ரெண்டாம் சனிக்கிழமை, மணியார்டர் ஃபாரம் இல்லை. இப்போது ராத்திரி பதினொரு மணிக்குத் தள்ளுவண்டியில் ஆம்லெட் வாங்கினாலும் அடுத்த நொடி பெட்டி கத்துகிறது, பணம் வந்துவிட்டதென்று. ஆகவே அவர் புதிதாக உழைக்கவேண்டியிருக்கிறது. "சர்வர் டவுன் சார்." "சிம் மாத்தினேன், ஜிபே இன்னும் வரலை." "இன்னைக்கு லிமிட் முடிஞ்சிடுச்சு." சாதாரணமாக ஒருவர் ஒரு நாளைக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அனுப்பலாம். 620 ரூபாய் அனுப்ப லிமிட் இல்லையென்றால், அன்றைக்கு விடிந்ததிலிருந்து 99,380 ரூபாய்க்கு மேல் யாருக்கு அனுப்பினார் என்று கேட்கலாம்தான். நாகரிகம் தடுக்கிறது.

அவரை மோசடிக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். டிராக்டர் படம் போட்ட பழைய ஐந்து ரூபாய் நோட்டுக்கு லட்சக்கணக்கில் தருகிறேன், முதலில் கமிஷனைக் கட்டு என்று வருகிறானே, அவன் மோசடிக்காரன். அந்த மாதிரி ஆட்களைப் பற்றி 2021இல் ரிசர்வ் வங்கியே எச்சரிக்கை விட்டது. வின்னர் சார் ஒருவருடைய காசையும் தொடமாட்டார். தன்னுடைய காசையும் தொடமாட்டார் என்பதுதான் சிக்கல். அவருக்கு வேண்டியது நாணயம் அல்ல, ஜெயிப்பது. ஜெயித்த பிறகு அதற்கு விலை கேட்பது அவர் காதில் கொஞ்சம் அநாகரிகமாகவே விழுகிறது.

பணம் ஒருவழியாகக் கிளம்பினாலும் ஷிப்பிங் என்று ஒன்று இருக்கிறது. ஏலத்தில் ஒரே தாவலில் நாற்பது ரூபாய் ஏறியவர், தபால் செலவு அறுபது என்றதும் பொருளாதார நிபுணராகிவிடுவார். "சாதா தபால்ல போட்டா என்ன சார்?" "ரிஜிஸ்டர் பண்ணிடுங்க, கம்மியாகும்." 2025இல் தபால் துறை பதிவுத் தபாலை ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டது. அந்த யோசனையை மட்டும் அவர் இன்னும் கைவிடவில்லை. எல்லாம் தோற்றால் கடைசி ஆயுதம்: "வச்சிருங்க சார், இன்னும் ரெண்டு லாட் எடுத்துக்கிறேன், சேர்த்து அனுப்பிடுங்க." இப்படி வைத்திருந்தே விற்பவர்களின் பீரோவில் ஒரு தட்டு அவர் பெயருக்குப் பட்டாவாகிவிடுகிறது.

முகவரி கேட்டால், "பிள்ளையார் கோயில் பக்கம், என் பேரைச் சொன்னா யாரும் காட்டுவாங்க" என்பார். பின்கோடு வந்தது 1972இல். தகவல் அவரை எட்டவில்லை.

நாகர்கோவில் நண்பர் ஒருவர் பழைய திருவிதாங்கூர்க் காசுகள் விற்கிறார். அந்தக் கால வெள்ளிச் சக்கரத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்களோ என்னவோ, துவரம்பருப்பைவிடச் சற்றே பெரிது. இருபத்தெட்டுச் சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். கையால் எண்ணி மாளாது என்று, குழி குழியாகச் செதுக்கிய சக்கரப் பலகை ஒன்றை வைத்திருந்தார்கள். காசுகளைக் கொட்டிப் பலகையை ஆட்டினால் குழிக்கு ஒன்று உட்காரும். அப்படிப்பட்ட காசு ஒன்றை நண்பர் பிளாஸ்டிக் உறையில் போட்டு, இரண்டு அட்டைக்கு நடுவே வைத்து, நான்கு பக்கமும் டேப் ஒட்டி, கவரில் போட்டு அனுப்பினார். போய்ச் சேர்ந்த அன்று போன்.

"சார், கவர்ல ஒண்ணுமே இல்லையே?"

"அட்டையைப் பிரிச்சீங்களா சார்?"

"அட்டையா? அது சும்மா அட்டைன்னு குப்பையில போட்டுட்டேனே."

குப்பைக்கூடை கவிழ்க்கப்பட்டது. வீடியோ காலில் நாகர்கோவிலிலிருந்து நேரடி மேற்பார்வை. வெங்காயத் தோலுக்கு அடியில் அட்டை கிடைத்தது, டேப்பில் ஒட்டியபடி சக்கரமும் கிடைத்தது. அதன்பின் வின்னர் சார் சொன்னது: "பேக்கிங் இன்னும் கொஞ்சம் கவனமா பண்ணலாம் சார்."

பணம் போட்டுவிட்ட வின்னர் சார் இன்னொரு பிறவி. மூன்று வாரம் தூங்கியவர் பணம் போன மூன்றாவது நிமிடம் "அனுப்பியாச்சா?" என்பார். பதின்மூன்று எழுத்து டிராக்கிங் நம்பர் கைக்கு வந்ததோ, வேலை வெட்டியை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பார். "மதுரையிலயே ரெண்டு நாளா நிக்குது சார், என்னன்னு கேளுங்க." விற்றவர் மதுரைக்குப் போய் மூட்டையைத் தேடவேண்டும் என்று எதிர்பார்க்கிறாரோ என்னவோ. பொருள் வந்துவிட்டால் மட்டும், வந்தது என்று ஒரு வார்த்தை வராது.

இது இன்றைக்கு முளைத்த வியாதி அல்ல. 1995இல் அமெரிக்காவில் பியர் ஒமித்யார் இணைய ஏலத் தளம் ஒன்றைத் தொடங்கினார். அதுதான் பிறகு ஈபே. வாங்கியவர், விற்றவர் பஞ்சாயத்தெல்லாம் அவரிடமே வந்து குவிந்ததால், மறு ஆண்டே ஒருவரைப் பற்றி ஒருவர் பகிரங்கமாக மதிப்பெழுத வழி செய்தார். 2008இல், விற்றவர் வாங்கியவரைப் பற்றிக் குறையாக எழுதக் கூடாது என்று விதியை மாற்றினார்கள். அந்த நிர்வாகத்துக்குள் எங்கோ ஒரு வின்னர் சார் உட்கார்ந்திருந்தார் என்பது என் ஊகம். இந்தியாவில் ஈபே இருந்தவரை வாங்கியவர் பணம் பைசாபே என்கிற ஏற்பாட்டில் நடுவில் நிற்கும். பொருள் போய்ச் சேர்ந்த பிறகே விற்றவருக்கு. 2018இல் அந்தத் தளத்தை மூடிவிட்டார்கள். இப்போது நடுவில் நிற்பவர் அட்மின் ஒருவர்தான், அவருக்கும் பகலில் வேறு உத்தியோகம்.

நேரில் நடக்கிற ஏலத்தில் கதை வேறு. விழுப்புரம் மாவட்டம் ஒட்டனந்தல் முருகன் கோயிலில் பங்குனி உத்திரத்தையொட்டி, வேலில் செருகிய எலுமிச்சம்பழங்களை ஏலம் விடுகிறார்கள். ஒரு பழம் ஆயிரக்கணக்கில் போகும். ஊரே சுற்றி நிற்கிறது. அங்கே நின்று "காலையில போட்டுடறேன்" என்று சொல்லிப் பார்க்கட்டும் யாராவது.

வின்னர் சார் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாமே சில லாட்டுகளை ஏலத்துக்கு விடுவார். அன்றைய அறிவிப்பைப் படித்துப் பாருங்கள்: 'பன்னிரண்டு மணி நேரத்துக்குள் பணம் வரவேண்டும். தாமதித்தால் பிளாக். பொருளைச் சேர்த்து வைக்க இயலாது. ஷிப்பிங் பேரம் இல்லை. ஒழுங்கானவர்கள் மட்டும் கேட்கவும்.' அதற்குக் கீழே கைகூப்பும் பொம்மை மூன்று. அன்று அவரிடம் வாங்கிவிட்டுக் காலையில் போடுகிறேன் என்றவர் ஒருவரைப் பற்றி, காலம் கெட்டுப்போச்சு என்று அவர் விட்ட குரல் பதிவு நான்கு நிமிடம் ஓடுகிறது.

இதைப் படிக்கிற வின்னர் சார் நீங்களே என்றால் கோபம் வேண்டாம். யுபிஐ ஐடி குழுவின் டிஸ்கிரிப்ஷனிலேயே இருக்கிறது. பணத்தைப் போட்டு ஸ்கிரீன்ஷாட், முகவரி, பின்கோடு, போன் நம்பர் எல்லாவற்றையும் ஒரே செய்தியில் அனுப்பிவிடுங்கள். கவர் வந்தால் வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள். அட்டையை மட்டும் குப்பையில் போடாதீர்கள்.