பச்சைப் பெயின்ட் கடன்

2019-இல் ஜெர்மனியின் கேஎஃப்டபிள்யூ வளர்ச்சி வங்கியோடு தமிழக அரசு கையெழுத்துப் போட்டது. பெருநகரங்களில் காலநிலைக்கு உகந்த பேருந்துச் சேவை, இதுதான் நோக்கமாம். முதல் கட்டத்தில் 500 மின்சாரப் பேருந்து. கூடவே 2,213 டீசல் பேருந்து!

பிஎஸ்-6 டீசலாம், புகை குறைவாம். இருக்கட்டும். ஒழுகுகிற பஸ்ஸுக்குப் பதில் புது பஸ் வந்தால் யார் வேண்டாம் என்பார்கள்? 'பழைய வண்டியை மாற்றக் கடன் வாங்கினோம்' என்று சொல்லிவிட்டுப் போகலாமே. சொன்னால் கடன் கிடைக்காது. பச்சைப் பெயின்ட் அடிக்க வேண்டும். அடிப்பவருக்கும் தெரியும், கொடுப்பவருக்கும் தெரியும். இருவரும் தெரியாதது போல நடிப்பார்கள்; திருப்பிக் கட்டப்போவது மட்டும் நாம்.

ஆம், கடன்தான். உலக வங்கிப் பணமும் அப்படித்தான். மேடையில் 'உலக வங்கி உதவியுடன்' என்பார்கள். உதவி வட்டி கேட்காது.

அந்த 'உதவி'யில் சென்னைக்கு 625 தாழ்தள மின்பேருந்து. முதல் 120 வண்டிக்கு 2025 ஜூன் 30-இல் வியாசர்பாடியில் முதல்வர் கொடியசைத்தார். நல்ல வண்டி. குறை சொல்ல மாட்டேன். ஆனால் 2014-லேயே சென்னை மாநகராட்சி ஒன்று செய்தது: போக்குவரத்து நிதியில் 60 சதவீதம் நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் என்று கொள்கை வகுத்தது. அதைப் பற்றி எழுதிய அறிக்கைகளைத் தரையில் விரித்திருந்தாலே பாதி நடைபாதை முடிந்திருக்கும்.

நெல்லைக்கு வாருங்கள். 2017-இல் ஸ்மார்ட் சிட்டி ஆனோம். 2018-இல் ஜங்ஷன் பேருந்து நிலையத்தை இடித்தார்கள். தோண்டிய இடத்தில் ஆற்று மணல் கிடைத்தது. மணல் கிடைத்தால் இந்த ஊரில் என்ன ஆகும்? வழக்கு ஆனது. ஜனம் ஆண்டுக்கணக்கில் ரோட்டோரம் நின்றது.

2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று உத்தரவு வந்தது. எந்த வங்கியும் எழுதித் தந்ததல்ல. எந்த ஆலோசகருக்கும் அதில் கமிஷன் இல்லை. இத்தனை பேரை பஸ்ஸில் ஏற்றிய திட்டம் வேறு எது? ஏறிய கூட்டத்துக்குத் தக்கபடி நடையைக் கூட்டினீர்களா? அதற்கு மட்டும் நிதி இல்லை.

நிலையான போக்குவரத்து வல்லுநர்களே, அடுத்த கருத்துக்கேட்புக் கூட்டத்தை நெல்லைக்குப் பக்கத்துச் சீவலப்பேரியில் வையுங்கள். தாமிரபரணியும் சிற்றாறும் கலக்கிற இடம், குளிக்கலாம். ஒரே நிபந்தனை: எல்லோரும் டவுன் பஸ்ஸில் வர வேண்டும். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் கவலை வேண்டாம். சுடலைமாடன் கோயிலில் படுத்துக்கொள்ளலாம்.