பாதிக்குப் பாதி சேதாரம்

எங்கள் மயிலாப்பூர் ஃபிளாட்டில் எதற்கும் மாற்று கிடையாது. மோட்டார் ஒன்று. பீரோ சாவி ஒன்று. அது எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஆளும் ஒன்று; என் மனைவி காலையில் அடையாறு ஆபீசுக்குக் கிளம்பிவிட்டால் சாயங்காலம் வரை பீரோ வெறும் அலங்காரம். இப்பேர்ப்பட்ட வீட்டில், ஒன்று படுத்தாலும் இன்னொன்று தாங்கும் என்ற கொள்கையோடு இயங்கும் ஒரே பொருள், ஹால் டிவிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு நான் உட்காரவைத்திருக்கும் சர்வர்.

அது காக்கும் பொக்கிஷம்: அப்பா மடியில் டேப் ரெக்கார்டரை மறைத்துப் பதிந்த மார்கழிக் கச்சேரிகள் (பாடகரைவிடப் பக்கத்து இருக்கைக்காரரின் இருமல் சுருதி சுத்தமாகக் கேட்கும்), எங்கள் கல்யாண வீடியோ, எந்த அதிகாரியும் இதுவரை கேட்காத வருமான வரித் தாள்கள். எல்லாம் சேர்த்து அரை டெராபைட் தேறினால் அதிகம். அதற்கு நாலு டெராபைட் டிஸ்க் நான்கு.

மலிவான டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டினால், ஒன்று செத்தாலும் மற்றவற்றை வைத்துக் கணக்குப் போட்டு இழந்ததை மீட்கலாம் என்று 1988-இல் பெர்க்லியில் பாட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் எழுதினார்கள். அந்த 'மலிவான'வை நம்பித்தான் ரிச்சி தெருவுக்குப் போனேன்.

ஒரே பேட்ச் டிஸ்க்குகள் ஒரே சமயத்தில் படுத்துக்கொள்ளும், அதனால் கடை மாற்றி வாங்கு என்பார்கள் விஷயம் தெரிந்தவர்கள். மவுண்ட் ரோடு வெயிலில் நான்கு கடை ஏறினேன். ரிச்சி தெருவில் 'இல்லை' என்று சொல்லமாட்டார்கள். "உக்காருங்க சார், வருது" என்பார்கள். ஒரு பையன் ஓடுவான். நான்கு கடையிலும் பையன் ஓடினான். வீட்டில் பிரித்தால் நான்கு லேபிளிலும் ஒரே தயாரிப்புத் தேதி. எல்லாப் பையன்களும் ஒரே கோடவுனுக்கு ஓடியிருக்கிறார்கள்.

அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். "நாலும் ஒரே நாள்ல பொறந்ததா? ஏழரை சேர்ந்து வருமேடா."

இரண்டு ஜோடி மிரரா (ஒன்றின் நகல் மற்றொன்று), ரெய்டு-இசட் 2-ஆ (மீட்கும் கணக்கான பாரிட்டிக்கே இரண்டு டிஸ்க் அளவு) என்று அதுவரை எனக்குத் தூக்கமில்லை. மிரர் வேகம், ஆனால் ஒரே ஜோடியில் இரண்டும் போனால் மொத்தச் சேமிப்பும் போயிற்று. இசட் 2-இல் எந்த இரண்டு போனாலும் பிழைக்கலாம். சனீஸ்வரனை உத்தேசித்து இசட் 2 போட்டேன்.

"பதினாறு வாங்கினீங்களே, எட்டுதான் வருமா?" என்றாள் மனைவி. எட்டும் இல்லை, கம்பெனி ஆயிரத்தால் பெருக்குகிறது, கணினி 1024-ஆல் வகுக்கிறது, திரையில் ஏழு சொச்சம்தான் என்றேன்.

"உஸ்மான் ரோட்டு நகைக்கடையில சேதாரம் பத்து பர்சென்ட்னாலே நான் படி இறங்கிடுவேன். நீங்க பாதிக்குப் பாதி குடுத்துட்டு சிரிச்சுக்கிட்டே வந்திருக்கீங்க."

"சேதாரம் இல்லை, பாரிட்டி."

"அதுக்குப் பேர் வேற வெச்சிருக்கானா?"

ஆனாலும் எனக்கு ஒரு பெருமை உண்டு. சாதாரண மிரரில் இரண்டு பிரதியும் முரண்பட்டால் எது சரி என்று அதற்குத் தெரியாது. உ.வே.சா. 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கும் முன் ஏடுகளை ஒப்பிட்டுப் பாடபேதத்தோடு மல்லுக்கட்டியதும் இதனால்தான். தன் மேல்தான் தப்பு என்று எந்த ஏடும் சொல்லாது. 2001-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் ஜெஃப் பான்விக்கும் மேத்யூ ஆரென்ஸும் தொடங்கிய, என் சர்வரில் ஓடும் இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறை, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு செக்சம் (சரிபார்ப்பு எண்) போட்டு அதைத் தனியே வைத்துக்கொள்கிறது. ஒத்துவராததைத் தள்ளி, நல்லதைக் கொண்டு திருத்துகிறது. மாதம் ஒருமுறை எல்லாத் துண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் 'ஸ்க்ரப்' ஓடும். அன்று ஹாலில் யாரும் டிவி போடக் கூடாது. டிவிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஒரு மரியாதைதான்.

"மேல் வீட்டு பாத்ரூம் ஒழுகுது. நாலும் ஒரே ஸ்டூல்லதானே இருக்கு?" என்று ஒருநாள் மனைவி கேட்டாள். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் கோட்டூர்புரத்து வீடுகளுக்குள் நுழைந்ததைப் பார்த்த ஊர் இது. தண்ணீர் பாரிட்டி பார்க்காது. மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறிடத்தில் என்று பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக்காரர் விதி வகுத்திருக்கிறார். வேறிடம் என்றால் எனக்கு இருப்பது பெசன்ட் நகர் மூன்றாவது மாடியில் மச்சினன்.

"தாராளமா வைங்க மாமா. என் டிஸ்க்குக்கும் உங்ககிட்ட ஒரு காப்பி இருக்கட்டும்" என்றான்.

அவன் கல்யாணம் மூன்று கேமரா, ஒரு டிரோன், எல்லாம் 4கே. என் ஏழு சொச்சத்தில் பாதிக்கு மேல் இப்போது அவன் ரிசப்ஷன். மாதாமாதம் டிவியை அணைத்துவிட்டு நாங்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறோம். என் சர்வர் விடிய விடிய, மேடையேறிக் கவர் கொடுத்தவர்களை ஒருவர் விடாமல் சரிபார்க்கிறது.