பேராண்டி பணக்காரன் ஆகுறான்

வாடா பேராண்டி, இப்படி உக்காரு. பாஸ்புக்கு, ஏடிஎம் கார்டு, புதுசா வாங்குன சிம்மு, மூணையும் பையில போட்டுக்கிட்டுக் கிளம்பிட்டியாமே? கொடுத்தா மாசம் அஞ்சாயிரம் தர்றேன்னு டெலிகிராம்ல எவனோ சொன்னானாம். எங்க காலத்துல காடு கழனியத்தான் குத்தகைக்கு விட்டோம். நீ உன் பேரையே விடப்போற. கெட்டிக்காரப் பயதான்!

ஒரு சின்னச் சந்தேகம். அம்புட்டுப் பணம் புழங்குறவனுக்குச் சொந்தமா ஒரு அக்கவுண்டு தொறக்க வக்கில்லையா? பெத்த அப்பனே பெட்ரோலுக்கு நூறு ரூவா கேட்டா நாலு கேள்வி கேக்குறான். மூஞ்சி தெரியாதவன் உனக்குச் சும்மா அள்ளிக் கொடுக்குறானாக்கும்.

நடக்குறது என்னன்னு சொல்றேன், கேளு. ரிட்டையரான வாத்தியார் ஒருத்தருக்கு வீடியோ கால் வரும். போலீஸ் சட்டை மாட்டுனவன் ஒருத்தன், 'உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் பண்ணிட்டோம், ரூமை விட்டு நகரக்கூடாது'ம்பான். நம்ம நாட்டுச் சட்டத்துல அப்படி ஒரு அரெஸ்டே கிடையாது. ஆனா மனுசன் வெலவெலத்துப் போயி, பிஎஃப் பணத்தைப் பூரா அனுப்பிருவாரு. அது வந்து விழுறது உன் அக்கவுண்டுல. விழுந்த சூட்டோட பத்து அக்கவுண்டுக்குப் பிரிஞ்சு ஓடிரும்.

ஏமாத்துனவன் கம்போடியாவுலயோ மியான்மர்லயோ கெடப்பான். போலீஸ்காரருக்குக் கிடைக்கிற மொத விலாசம் உன் ஆதார்ல இருக்குறது. அதாவது இந்தத் திண்ணை. வந்தா காப்பித்தண்ணி போட்டுக் குடுக்க உங்கப்பத்தா ரெடி, கவலைப்படாத. புகாரு எந்த ஊர்ல பதிவானாலும் அக்கவுண்டு இங்க முடங்கும். உன் ஸ்காலர்ஷிப் காசும் சேந்துதான் மாட்டும்.

'எனக்கு ஒண்ணும் தெரியாது சார்'னு சொல்லுவ. கமிஷன் எம்புட்டுன்னு நீ பேரம் பேசுனது உன் வாட்ஸ்அப்லயே கெடக்குமே! தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-லயே வந்திருச்சு, நீ பொறக்குறதுக்கு முன்னாடி. ஆள்மாறாட்டம் பண்ணிக் கம்ப்யூட்டர் வழியா ஏமாத்துனா, 66-டி பிரிவுல மூணு வருசம் வரைக்கும் ஜெயிலு, ஒரு லட்சம் வரைக்கும் அபராதம். ஒத்தாசை பண்ணுனவனையும் கேஸ்ல சேத்துருவாங்க.

உன் சேக்காளிகிட்டயும் சொல்லி வை. பேச மாட்டேங்குற பொண்ணு பேர்ல போலி ஐடி போட்டுக்கிட்டுத் திரியுறானே, அந்த மகராசன்கிட்ட. யாஹூ காலத்துலயே ஒருத்தன் ஒரு பொண்ணைப் பத்தி அசிங்கமா எழுதி விட்டான். பிரவுசிங் சென்டர்காரங்களே கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொன்னாங்க. 2004-ல மெட்ராஸ் எழும்பூர் கோர்ட்டு அவனுக்குத் தண்டனை குடுத்துச்சு. இப்ப சென்டர்காரன் சாட்சியே தேவையில்ல, போனே பேசும்.

ஏன்டா முழிக்கிற? கார்டை ஏற்கெனவே குடுத்துத் தொலைச்சிட்டியா? அப்ப ஏந்திரி, மொதல்ல பேங்குக்குப் போயி அதை பிளாக் பண்ணச் சொல்லு. அங்கேருந்து நேரா ஸ்டேஷனுக்குப் போவோம், நானும் வாறேன். வீட்ல எவன் காசாச்சும் இப்படிப் போச்சுன்னா 1930-க்கு அந்த நிமிசமே போன் போடணும். காசு கை மாறுறதுக்குள்ள சொன்னாத்தான் புடிச்சு நிறுத்த முடியும்.